கணினி கேள்வி–பதில்: தேடல் பெட்டியில் ஒரு நட்சத்திரக் குறி

கேள்வி: நாகர்கோவிலை அடுத்த ஒரு கல்லூரியில் கணினிப் பிரிவைக் கவனித்து வருகிறேன். பணியாளர், மாணவர் விவரங்கள் ஓபன்எல்டேப் (OpenLDAP) சர்வரில், அதாவது பயனர் விவரங்களைத் தொகுத்துவைத்து எல்டேப் (LDAP) முறையில் தேடித்தரும் சர்வரில், உள்ளன. பெயரைக் கொடுத்துப் பணியாளரின் தொலைபேசி எண்ணைத் தேடும் பக்கத்தில் ஒரு மாணவர் வெறும் * குறியை இட்டபோது 500 பேரின் எண்கள் திரையில் வந்து நின்றன. அதன்பின் நட்சத்திரக் குறியையும் அடைப்புக்குறிகளையும் ஏற்காதபடி பக்கத்தை மாற்றிவிட்டோம். இது போதுமா?
– வாசகர், தக்கலை

பதில்: போதாது. 500-இல் நின்றது ஓபன்எல்டேப்பின் இயல்பான வரம்பினால்தான். ‘அ*’, ‘ஆ*’ என்று முதலெழுத்தை மாற்றி மாற்றித் தேடியிருந்தால் மிச்சமும் வந்திருக்கும்.

பயனர் தட்டச்சு செய்ததைத் தேடல் வடிகட்டியின் (எந்தப் பதிவுகள் வேண்டும் என்று சர்வருக்குச் சொல்லும் நிபந்தனை வரியின்) நடுவே அப்படியே ஒட்டவைப்பதுதான் நோயின் மூலம். 2006-இல் வெளிவந்த ஆர்எஃப்சி 4515 என்னும் இணையத் தர ஆவணம் வகுத்துள்ள அந்த வடிகட்டியில் அடைப்புக்குறிகள் நிபந்தனைகளைப் பிரிக்கின்றன; &, | ஆகியவை அவற்றை இணைக்கின்றன; * எதனோடும் பொருந்துகிறது. ஆகவே ஓர் அடைப்பை மூடிப் புதிய நிபந்தனையைத் திறப்பவர், ‘பணியாளர் மட்டும்’ என்று நீங்கள் விதித்த எல்லையையே மாற்றிவிட முடியும். பக்கம் எண்களைக் காட்டாமல் ‘உண்டு, இல்லை’ என்று மட்டும் சொன்னாலும், ஒவ்வோர் எழுத்தாகக் கேட்டுப் பதிவின் உள்ளடக்கத்தைக் கறந்துவிடலாம். 2008-இல் ஐரோப்பிய பிளாக் ஹேட் கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் இம்முறை விளக்கப்பட்டது.

குறிகளைத் தடைசெய்வதில் இரண்டு குறைகள் உண்டு. தடை உலாவியில் மட்டும் இருந்தால், கோரிக்கையை நேரடியாக சர்வருக்கு அனுப்புபவரை அது தடுக்காது. மேலும், ஒரே பெயருடைய இருவரைப் பிரித்தறிய ‘மேரி (குளச்சல்)’, ‘மேரி (குழித்துறை)’ என்று நீங்கள் பதிந்திருந்தால், முறையாகத் தேடுபவருக்கே அவர்கள் கிடைக்கமாட்டார்கள்.

சரியான வழி, வடிகட்டியைக் கட்டும் இடத்தில், சர்வர் பக்க நிரலிலேயே மதிப்பை எஸ்கேப் செய்வதாகும், அதாவது அதிலுள்ள சிறப்புக் குறிகளை அவற்றின் குறியீட்டு எண்களாக மாற்றுவதாகும். அப்போது திறக்கும் அடைப்புக்குறி \28 என்றும் மூடுவது \29 என்றும் மாறி, கட்டளையாக இல்லாமல் வெறும் எழுத்தாகச் சென்று சேரும், மேரியும் கிடைப்பார். நட்சத்திரம், பின்சாய்வுக் கோடு, பூச்சியக் குறி (NUL எனப்படும், கண்ணுக்குத் தெரியாத குறி) ஆகியவற்றுக்கும் இதே முறைதான். பிஎச்பி 5.6 முதல் இதற்கென எல்டேப் எஸ்கேப் செயற்கூறு உள்ளது. பைத்தான் மொழிக்கான பைத்தான்-எல்டேப் நூலகத்திலும் தனிச் செயற்கூறு உண்டு. சொந்தமாக எழுத முற்படாதீர்கள்: பின்சாய்வுக் கோட்டைக் கடைசியில் மாற்றி, முன்பு மாற்றியவற்றையும் சேர்த்துக் குலைத்துவிடுவது அங்கே வழக்கமான சறுக்கல். பதிவின் முழுப்பாதைப் பெயரை, அதாவது டிஎன்னை, உள்ளீட்டிலிருந்து கட்டுவதாக இருந்தால் அதன் விதி வேறு. காற்புள்ளி, கூட்டல் குறி முதலியன அங்கே ஆபத்தானவை. ஒன்றுக்குரிய செயற்கூறு மற்றொன்றுக்கு உதவாது.

நீங்கள் கேட்கவில்லை என்றாலும் உள்நுழைவுப் பக்கத்தையும் பார்த்துவிடுங்கள். கடவுச்சொல்லை வடிகட்டிக்குள் வைத்து ஒப்பிடும் நிரல் எனில், அங்கே இடப்படும் * ‘ஏதேனும் ஒரு கடவுச்சொல் உண்டு’ என்றாகிவிடும். முதலில் பயனரின் பதிவைத் தேடி, பிறகு அவரது டிஎன்னையும் கடவுச்சொல்லையும் கொண்டு பைண்ட் செய்து (அவர் பெயரில் சர்வரில் உள்நுழைந்து) சரிபார்க்க வேண்டும். வெற்றுக் கடவுச்சொல்லை அதற்கு முன்பே நிரல் மறுத்துவிட வேண்டும்; இல்லையெனில் சில சர்வர்கள் அதைப் பெயரற்ற பைண்டாக ஏற்று ‘வெற்றி’ என்று பதிலளித்துவிடும்.

தேடல் பக்கம் பயன்படுத்தும் கணக்குக்குப் பணியாளரின் பெயரையும் எண்ணையும் மட்டும் படிக்கும் உரிமை போதும். மாணவர் பதிவுகளை அது காணவே வேண்டியதில்லை.