மருத்துவ இடத்துக்காக மகளின் பந்தைப் பிடுங்காதீர்கள்

நியூ ஜெர்சியின் எடிசனிலிருந்து ஒரு தந்தை எழுதியிருக்கிறார். பதினோராம் வகுப்பில் படிக்கும் மகள், பள்ளிக் கூடைப்பந்து அணியில் பாயின்ட் கார்டு, அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை வழிநடத்துபவள். ஆட்டம் முடிந்து வீடு திரும்பியதும் யார் எங்கிருந்து எறிந்தால் பந்து விழுகிறது என்று கணினியில் கணக்குப் பார்ப்பாளாம். பள்ளி முடித்த கையோடு மருத்துவத்துக்கும் சேர்த்தே இடம் தரும் ஒருங்கிணைந்த படிப்பில் சேர்த்துவிடு, பந்தை நிறுத்து என்று பெரியப்பாவும் அத்தையும் நெருக்குகிறார்கள். வீட்டை அடகு வைக்கவும் தயார் என்கிறார் தந்தை.

ஐயா, உங்கள் கவலை நியாயமானது. உங்கள் முடிவு தவறு. கடிதம் முழுக்கத் தேடினேன். மருத்துவம் படிக்க வேண்டும் என்று அவள் சொன்னதாக ஒரு வரிகூட இல்லை.

உங்கள் மாநிலத்தின் செனட்டராக 1979 முதல் 1997 வரை இருந்தவர் பில் பிராட்லி. மிசௌரியில் கிரிஸ்டல் சிட்டி என்ற சிற்றூர்க்காரர். பள்ளி முடித்தபோது ஏறத்தாழ 75 கல்லூரிகள் அவரைக் கூடைப்பந்துக்காக அழைத்தன. டியூக் பல்கலைக்கழகத்துக்குச் சம்மதம் சொல்லியிருந்தார். அந்தக் கோடையில் பேஸ்பால் ஆடிப் பாதம் முறிந்தது. இனி ஆடவே முடியாமல் போனால் எங்கே படிக்க விரும்புவேன் என்று யோசித்தவர், பிரின்ஸ்டனுக்கு மாறினார். விளையாட்டுக்கென்று உதவித்தொகையே தராத இடம் அது. வரலாறு படித்துக்கொண்டே மூன்று பருவங்களில் 2,503 புள்ளிகள் குவித்தார். 1964-ல் டோக்கியோ ஒலிம்பிக் தங்கம். 1965-ல் கல்லூரிகளுக்கான தேசியப் போட்டியில், மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் மட்டும் 58 புள்ளிகள். நியூயார்க் நிக்ஸ் என்ற தொழில்முறை அணி காத்திருக்க, ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் படிக்கப் போனார். திரும்பி வந்து அந்த அணியோடு 1970, 1973 பட்டங்களை வென்றார். ஸ்பிரிங்ஃபீல்டில் உள்ள, கூடைப்பந்துச் சாதனையாளர்களுக்கான புகழ் மண்டபமான நெய்ஸ்மித் ஹால் ஆஃப் ஃபேம் 1983-ல் அவரைச் சேர்த்துக்கொண்டபோது அவர் செனட்டில் இருந்தார்.

உங்கள் மகளும் அந்த மண்டபத்துக்குப் போவாள் என்று நான் சொல்லவில்லை. கல்லூரியில் ஆடும் பெண்களில் தொழில்முறை அணிக்குப் போவோர் நூற்றில் ஒருவர் இருந்தாலே அதிகம். அதனால்தான் பிராட்லி தன்னையே கேட்ட கேள்வியை அவளிடமும் கேட்கச் சொல்கிறேன்: பந்து இல்லாமல் போனாலும் அந்தக் கல்லூரி அவளுக்குப் பிடிக்குமா?

இந்தக் கேள்விக்குப் பொருத்தமான பதிலை நம்மவர்கள் திரும்பியே பார்ப்பதில்லை. அது, அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் மூன்றாம் பிரிவான டிவிஷன் 3. நானூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் இதில் உண்டு. விளையாட்டு உதவித்தொகை கிடையாது என்றதும் பெற்றோர் முகம் திருப்பிக்கொள்கிறார்கள். ஆனால் படிப்புத் தகுதிக்கும் குடும்ப வருமானத்துக்கும் ஏற்ற உதவி பல கல்லூரிகளில் கிடைக்கும். ஆட்டத்தை விட்டாலும் அந்த உதவி பறிபோகாது. தரம் குறைவோ என்று தயங்க வேண்டாம். எம்.ஐ.டி.யும் சிகாகோ பல்கலைக்கழகமும் இந்தப் பிரிவில்தான் ஆடுகின்றன. நியூயார்க் பல்கலைக்கழகப் பெண்கள் அணி 2024-ல் ஒரு தோல்வியும் இல்லாமல் இதன் தேசியப் பட்டத்தை வென்றது. உங்கள் மாநிலத்திலேயே ரோவன், மான்ட்க்ளேர் ஸ்டேட், காலேஜ் ஆஃப் நியூ ஜெர்சி ஆகியவை இருக்கின்றன. மூன்றும் அரசு நிறுவனங்கள். மாநிலத்தவருக்குக் கட்டணம் குறைவு. கணக்கில் ஊறிய பெண்ணுக்குக் கணிதமும் உண்டு, நவம்பர் முதல் மார்ச் தொடக்கம் வரை ஆட்டமும் உண்டு. சேர்க்கை வாய்ப்பு எப்படி என்று அறிய, பல பயிற்சியாளர்கள் மதிப்பெண் பட்டியலைச் சேர்க்கைப் பிரிவுக்கு முன்கூட்டியே அனுப்பிப் பார்ப்பார்கள். அந்த வசதியைக் கேட்டுப் பெறுங்கள்.

வீட்டை அடகு வைப்பதை அடியோடு மறந்துவிடுங்கள். அவள் கேட்காத படிப்புக்காக உங்கள் முதுமையை ஈடு வைக்க எந்த உறவினருக்கும் உரிமை இல்லை. ஒவ்வொரு கல்லூரியின் இணையதளத்திலும் உதவித்தொகை போக நிகரச் செலவைக் காட்டும் கணிப்பான் இருக்கிறது. இந்த வாரமே மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, உண்மையான வருமானத்தைப் போட்டுப் பாருங்கள். முதலாண்டில் அவள் பெயரில் கிடைக்கும் கூட்டாட்சி அரசின் மாணவர் கடனுக்கு உச்சவரம்பு 5,500 டாலர். அதற்கு மேல் கடன் கேட்கும் கல்லூரியைப் பட்டியலிலிருந்து நீக்குங்கள்.

பயிற்சியாளர்களுக்கான மின்னஞ்சலை அவளே எழுதட்டும். ஆட்டக் காணொளியோடு, அவள் போட்டுவைத்திருக்கும் அந்தக் கணக்குகளையும் இணைத்து அனுப்பச் சொல்லுங்கள்.