கத்தோலிக்கக் கோயிலைச் சார்ந்த ஊர்ச்சமூகமான பங்கில் ஏழைகளுக்கு உதவினால் போதாதா? சமூகநீதி என்று பேசிக் கோயிலுக்குள் ஏன் அரசியலைக் கொண்டுவர வேண்டும்?

போதாது என்பதே என் பதில். கடலூரில் ஒரு பங்கின் வின்சென்ட் தே பவுல் சபையில் பதினோரு ஆண்டுகளாக உறுப்பினராக இருப்பவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

1833-இல் பாரிஸில் பிரெடெரிக் ஓசானாம் என்ற இருபது வயது மாணவர் தோழர்களுடன் தொடங்கிய இச்சபையின் முதற்பணி, ஏழைகளை அவர்கள் வீட்டுக்கே இருவர் இருவராகச் சென்று சந்திப்பது. எங்கள் கூட்டத்தில் ஒரு துணிப்பை சுற்றி வரும். எல்லாரும் மூடிய கையை உள்ளே விட்டு எடுப்பதால், யார் எவ்வளவு போட்டார், யாரால் போட முடியவில்லை என்பது எவருக்கும் தெரியாது. அந்தப் பணத்தில் வாங்கிய அரிசியையும் பருப்பையும் கடலூர் முதுநகரில் தனியே வாழும் ஓர் அம்மாவுக்கு மாதந்தோறும் நான்கு ஆண்டுகள் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

ஒருநாள் மழை பிடித்துக்கொண்டதால் உள்ளே உட்கார நேர்ந்தது. பேச்சுவாக்கில் அவர் ஒரு பிளாஸ்டிக் உறையைப் பிரித்துக் கணவரின் படத்தைக் காட்டினார். வெளிமாநிலத்தில் கட்டட வேலைக்குப் போன இடத்தில் இறந்தவர். அந்த இறப்பு எங்குமே பதிவாகவில்லை. இறப்புச் சான்றிதழ் இல்லாததால் விதவை உதவித்தொகைக்கு மனுக்கூடக் கொடுக்க முடியவில்லை. "ஒரு தடவ போனேன் தம்பி. சர்டிபிகேட்டு இல்லாம வராதன்னுட்டாங்க. அப்புறம் யாருகிட்ட போயிக் கேக்கறது?" என்றார். எங்களிடம் கேட்டிருக்கலாமே என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் நாற்பது தடவைக்கு மேல் அந்த வாசலில் நின்றும் ஒருமுறைகூடக் கேட்காதவர்கள் நாங்கள்தான் என்பது அப்போதுதான் உறைத்தது.

ஓராண்டுக்குள் பதியாத இறப்பைப் பிறகு பதிய உரிய அதிகாரியின் ஆணை வேண்டும். அதற்காக ஏழு மாதங்கள் அலைந்தோம். தனியாகப் போனபோது வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவர், நாங்கள் இருவர் உடன் சென்றபோது உட்காரவைத்து விசாரிக்கப்பட்டார். எனக்கு அதில் மகிழ்ச்சியைவிட வருத்தமே மிகுதி. நீதிப்படி ஒருவருக்குச் சேர வேண்டியதைப் பிறரன்புக் கொடையாகக் கொடுக்கலாகாது என்று கத்தோலிக்க ஆயர்களின் உலகளாவிய கூட்டமான இரண்டாம் வத்திக்கான் சங்கம், குருக்கள் அல்லாத பொதுநிலையினரின் திருத்தூதுப் பணி பற்றிய ஏட்டில் 1965-இலேயே சொல்லிவிட்டது. நாங்கள் நான்கு ஆண்டுகள் செய்தது ஏறக்குறைய அந்தத் தவற்றைத்தான்.

அரசியல் என்று நீங்கள் அஞ்சுவது சாதியைப் பற்றிய பேச்சை என்றால், அது கோயிலுக்குள் புதிதாக வந்ததன்று. புதுச்சேரியின் கத்தோலிக்கக் கோயிலான சம்பா கோவிலுக்குள் சாதி பார்த்து மக்களைப் பிரித்த சுவரைப் பற்றியும், ஒடுக்கப்பட்ட கிறித்தவர்கள் குருவிடம் முறையிட்டபின் அது இடிக்கப்பட்டதைப் பற்றியும் அந்நகரில் வாழ்ந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1745-இல் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். சுவருக்கு அப்பால் நின்றவர்களுக்கு எத்தனை மூட்டை அரிசி கொடுத்திருந்தாலும் சுவர் அப்படியேதான் இருந்திருக்கும். அவர்கள் முறையிட்டார்கள், அதனால் விழுந்தது. இன்றும் தமிழ்நாட்டில் சில ஊர்களில் கல்லறைத் தோட்டம்கூடச் சாதிக்கொன்றாக இருக்கிறது. பங்கு மக்களின் ஆலோசனைக் குழுவான பங்குப் பேரவை அதைப் பேசாமல் வேறு யார் பேசுவது?

வெளியிலும் இதே நிலைதான். 1950-இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியைப் பெரும்பாலும் இந்துக்களோடு நிறுத்தியது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர், தலித் கிறித்தவர் சேர்க்கப்படவில்லை. தலித் கிறித்தவரான அந்த அம்மாவின் பேரன் கல்லூரியில் சேர்ந்தபோது அவனுக்குப் புத்தகம் வாங்கிக் கொடுக்க எங்கள் பையில் பணம் இருந்தது. அந்தத் தகுதி இல்லாததால் அவன் இழந்த உரிமைக்கு ஈடாக அந்தப் பையில் எதுவும் இல்லை.

அரிசியை நாங்கள் நிறுத்தவில்லை. சந்திப்புக் குறிப்பேட்டில் 'கொடுத்தது' என்ற பத்திக்கு அருகில் இப்போது 'வர வேண்டியது' என்று இன்னொரு பத்தியும் போட்டிருக்கிறோம். முதியோர் உதவித்தொகை, குடும்ப அட்டை, வீட்டுமனைப் பட்டா, பேசியபடி தராத கூலி என்று வீட்டுக்கு வீடு அதுதான் நீண்டுகொண்டே போகிறது.