‘அம்மாவிடம் மட்டும்தான் சொன்னேன்’

கேள்வி: அன்புள்ள டீச்சர், எனக்கு வயது 21. தக்கலை பக்கம் ஒரு கிராமம். பி.எஸ்சி. உளவியல் கடைசி வருஷம். அப்பா ரப்பர் பால் வெட்டுகிறார், அண்ணன் மஸ்கட்டில் இருந்து ஃபீஸ் அனுப்புகிறான். எனக்கு மேற்கொண்டு படித்து மனநல ஆலோசகர் ஆக ஆசை. வீட்டில் பி.எட். முடித்து வேலைக்குப் போ, கல்யாணம் பண்ணணும் என்கிறார்கள். அவர்களுக்கு மனநலம் என்றால் என்னவென்றே புரியாது. எல்லாரும் என்னிடம்தான் மனசு விட்டுப் பேசுவார்கள். என் தோழி ஒருத்தி வீட்டுக்குத் தெரியாமல் மனநல மருத்துவரைப் பார்க்கிறாள். அது எனக்கு மட்டும்தான் தெரியும். (இங்கே இருந்த விவரங்களை எடுத்துவிட்டேன் – டீச்சர்) அவள் சொன்னதைக் கேட்டு எனக்கே அழுகை வந்தது. அம்மாவிடம் மட்டும்தான் சொன்னேன், அவர்களும் ரொம்ப வருத்தப்பட்டார்கள். இந்தத் துறைக்கு நான் பொருத்தம்தானே? என்ன படிக்க வேண்டும்? வீட்டில் எப்படிச் சம்மதிக்க வைப்பது?

பதில்: மக்களே, பொருத்தமா என்று கேட்டாய். இன்றைய தேதிக்கு இல்லை.

‘எல்லாரும் என்னிடம் மனசு விட்டுப் பேசுவார்கள்’ என்ற வரி இல்லாமல் இந்த மாதிரிக் கடிதம் எனக்கு வந்ததே கிடையாது. வரட்டும், பேசட்டும். பேசினவர்கள் வீட்டுக்குப் போன பிறகு நீ என்ன செய்கிறாய் என்பதுதான் எனக்கு வேண்டியது. அதை நீயே எழுதிவிட்டாய். ‘அம்மாவிடம் மட்டும்தான் சொன்னேன்.’

அந்த ‘மட்டும்’ எனக்குத் தொண்டையில் முள் மாதிரி நிற்கிறது. முதலில், அது உண்மையே இல்லை. எனக்கும் சொல்லியிருக்கிறாய். அந்தப் பெண்ணின் பெயர், படிக்கிற கல்லூரி, எந்தக் கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகிறாள், வீட்டில் என்ன பொய் சொல்லிவிட்டுப் பஸ் ஏறுகிறாள் என்பது வரைக்கும் ஒரு முழுப் பக்கம். நான் யார்? முகம் தெரியாத ஒரு கிழவி. இந்த ஆபீஸில் தபாலைப் பிரிக்கிற பையனுக்கு உங்கள் பக்கத்து ஊர். தெரியுமா உனக்கு?

நம்முடைய ஜில்லா எவ்வளவு சின்னது என்று நீ யோசித்துப் பார்க்கவில்லை. மார்த்தாண்டத்தில் தும்மினால் நாகர்கோவிலில் கேட்கும். ஒரு பெண்ணைப் பார்க்க வருகிறவர்கள் நாலு வீட்டில் விசாரிக்காமல் காப்பி குடிக்க மாட்டார்கள். உன் அம்மா நல்லவராகத்தான் இருப்பார். ஆனால் மகளிர் குழுவில் அந்தப் பெண்ணின் பேச்சு எழும்பும்போது அவர் வாய் திறக்கவே வேண்டாம், ஒரு பெருமூச்சு விட்டால் போதும். மீதியை ஊரே எழுதிக்கொள்ளும்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி என்று நம் கடற்கரையை அலை வாரிக்கொண்டு போனது. அரைப்பரீட்சை லீவு என்பதால் நான் வேலை பார்த்த பள்ளிக்கூடம் காலியாகக் கிடந்தது, அதுதான் முகாம். ஒரு வாரத்தில் ஆலோசனை சொல்ல ஆட்கள் வந்தார்கள். பாதிப் பேர் கல்லூரிப் பிள்ளைகள், மூன்று நாள் பயிற்சி, கையில் ஒரு நோட்டு. எட்டாம் வகுப்பு அறையில் இருந்த ஒரு தாய் யாரிடமும் பேசாமலே இருந்தவர். உன் வயதுப் பிள்ளை ஒருத்தி பொறுமையாகப் பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து, மூன்றாவது நாள் அவரைப் பேச வைத்தாள். அது சின்னக் காரியம் இல்லை, இப்போதும் அவளை மெச்சுகிறேன். அவர் என்ன சொன்னார் என்பதை நான் இங்கே எழுத மாட்டேன்.

அன்று ராத்திரி கஞ்சிக்கு வரிசையில் நிற்கும்போது, மனசு தாங்காமல், அந்தப் பிள்ளை கூட வந்த ஒருத்தியிடம் ‘மட்டும்’ அதைச் சொன்னாள். விடிவதற்குள் அந்தத் தாயின் புருஷன் காதுக்குப் போய்விட்டது. எனக்கும் அப்படித்தான் தெரிந்தது, எனக்குத் தெரிந்திருக்கவே கூடாது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தது. அந்த வீட்டுக்கு மறுபடியும் துக்கம். முறையாகப் படித்த ஆலோசகர் ஒருவரை நானே கூட்டிக்கொண்டு போனேன். அந்தத் தாய் என் முகத்தைப் பார்த்தார், உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். 13 வருஷம் கழித்து, மக்களே.

அதனால் உனக்கு அழுகை வந்ததை ஒரு தகுதியாக எனக்கு எழுதாதே. அழுதுவிட்டுப் பாரத்தை இறக்க நேரே அம்மா மடிக்கு ஓடுகிறவள் இந்த வேலைக்கு ஆகமாட்டாள். பாரம் இறக்குவதற்கும் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். பயிற்சிக் காலத்தில் மூத்தவர் ஒருவர் மேற்பார்வை செய்வார், அவரிடம் ஆள் அடையாளத்தை மறைத்துப் பேசலாம். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு நோயாளியின் ரகசியத்தை அவருடைய உரிமை என்கிறது. உயிருக்கு ஆபத்து மாதிரிச் சில நேரங்களில்தான் விலக்கு. அப்படி ஒரு நேரம் வந்தாலும் ‘இதை நான் சொல்லியாக வேண்டும்’ என்று அவள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் நீ சொல்ல வேண்டும்.

அம்மாவிடம் எதையும் மறைக்கக் கூடாது என்று நம் வீடுகளில் சொல்லி வளர்க்கிறோம். நானும் என் பிள்ளைகளுக்கு அதைத்தான் சொன்னேன். ஆனால் அது உன் சங்கதிக்கு. அடுத்த வீட்டுப் பெண்ணின் சங்கதியை எடுத்துக் கொடுக்க உனக்கு உரிமை இல்லை, கேட்கிற உரிமை உன் அம்மாவுக்கும் இல்லை.

இனி உன் வீடு. ‘அவர்களுக்கு மனநலம் என்றால் என்னவென்றே புரியாது’ என்று எழுதினாயே, கை கூசவில்லையா? உன் அப்பா மூன்று மணி இருட்டில் தலையில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு காட்டுக்குள் போகிறார். வெயில் ஏறினால் பால் குறையும், மழை பெய்தால் வெட்டு இல்லை. ரெண்டு பருவமழையும் பெய்கிற ஜில்லா இது, வருஷத்தில் எத்தனை நாள் கூலி போகும் என்று கணக்குப் பார். வெட்டு இல்லாத நாளில் அவர் முகம் எப்படி இருக்கும் என்று நீ பார்த்திருக்கிறாயா? அண்ணன் போனில் ‘நல்லா இருக்கேன்’ என்று சொல்லும்போது குரலைக் கவனித்திருக்கிறாயா? இருபத்தொரு வருஷமாக உன் வீட்டிலேயே இருக்கிற பாடம். எனக்கு இதில் பழைய மனசுதான். ஒருத்தன் வெயிலில் நின்று அனுப்புகிற காசில் படிக்கிறவள், அவனிடம் கணக்கு ஒப்பிக்கக் கடமைப்பட்டவள்.

அந்தக் கணக்கு இதுதான். முதுகலை 2 வருஷம். ‘மருத்துவ உளவியலாளர்’ என்று பெயர்ப்பலகை வைக்க அது போதாது. 1992 சட்டப்படி இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும், அதற்கு கவுன்சில் அங்கீகரித்த பயிற்சி வேண்டும். இதுவரை அது பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் மாதிரி இடங்களில், முதுகலைக்குப் பிறகு 2 வருஷ எம்.ஃபில். ஆக இருந்தது. புதிய கல்விக் கொள்கையால் எம்.ஃபில். போய்விட்டது, இந்தத் துறைக்கும் மனநல சமூகப் பணிக்கும் 2025-26 வரைதான் அவகாசம் கொடுத்தார்கள். அதனால் எந்தக் கல்லூரியில் பணம் கட்டினாலும் அன்றைய அங்கீகாரப் பட்டியலைப் பார்த்துவிட்டுக் கட்டு. வீட்டிலிருந்தே தபாலில் உளவியல் படிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதே, 2025-இல் அதைப் பல்கலைக்கழக மானியக் குழு நிறுத்தச் சொல்லிவிட்டது. எம்.எஸ்.டபிள்யூ. என்கிற சமூகப் பணி முதுகலையில் மருத்துவ–மனநலப் பிரிவு எடுப்பது இன்னொரு வழி. அரசின் மாவட்ட மனநலத் திட்டக் குழுவில் மனநல மருத்துவரோடு உளவியலாளருக்கும் சமூகப் பணியாளருக்கும் இடம் உண்டு. உன்னைப் போல வீட்டு நிலைமை உள்ளவளுக்கு இதைத்தான் நான் சொல்வேன். அண்ணனிடம் ‘இத்தனை வருஷம், இத்தனை ரூபாய்’ என்று காகிதத்தில் எழுதிச் சொல். அவன் முடியாது என்றால், உன் பட்டத்துக்கு பி.எட்.டில் இடம் உண்டா என்று விசாரித்து, படித்து, நாலு வருஷம் சம்பாதித்துவிட்டுப் போ. பள்ளிக்கூடத்தில் மனசு உடைந்த பிள்ளைகளுக்குப் பஞ்சமா?

ஆனால் விண்ணப்பம் வாங்குவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. இந்த வாரமே அந்தத் தோழியைப் பார். போனில் வேண்டாம், வாட்ஸாப்பில் வேண்டவே வேண்டாம். ‘நீ சொன்னதை அம்மாவிடம் சொல்லிவிட்டேன்’ என்று சொல். ஒரு பத்திரிகைக்கும் எழுதினேன் என்று சேர்த்துச் சொல். காரணம் சொல்லாதே, அழாதே. அவள் திட்டுவாள், கேள். உன்னோடு பேச்சை நிறுத்தலாம், அது அவள் இஷ்டம். எழுந்து வரும்போது 14416 என்ற எண்ணைக் கொடுத்துவிட்டு வா, அது அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது. இனி உன்னிடம் சொல்ல முடியாத ராத்திரியில் அவளுக்கு யாராவது வேண்டுமே.

அம்மாவிடம் பேசுவதும் உன் பொறுப்புதான். உன் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தை நான் அடுப்பில் போட்டுவிட்டேன்.