பட்டம் இல்லாமல் பாய்மரப் படகு வடிவமைப்பாளர் ஆக முடியுமா?

முடியும். இதற்கு எல்லோரும் காட்டும் ஆள் அமெரிக்காவின் ஓலின் ஸ்டீபன்ஸ். இத்துறையில் வேலை பார்க்கும் நானும் அவரைத்தான் காட்டுவேன், காரணம்தான் வேறு.

1908-இல் பிறந்தவர். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கல்லூரியில் (எம்.ஐ.டி.) சேர்ந்து, உடம்புக்கு முடியாமல் முதல் ஆண்டிலேயே படிப்பை விட்டார். அவர் வரைந்த 52 அடி நீளப் படகு டொரேட், அகலம் பத்தடிக்குச் சற்றே அதிகம், 1931-இல் அட்லாண்டிக் கடக்கும் பந்தயத்தில் வென்றது. "பார்த்தீர்களா, பட்டம் எதற்கு?" என்று பலரும் கதையை இங்கேயே நிறுத்திவிடுவார்கள்.

அப்புறம் அவர் செய்ததுதான் முக்கியம். ஸ்டீவன்ஸ் கல்லூரியில் கென்னத் டேவிட்சன் நடத்திய சோதனைத் தொட்டிக்கு, அதாவது சின்ன மாதிரிப் படகுகளை நீரில் இழுத்து அளக்கும் இடத்துக்குப் போனார். இயந்திரக் கப்பலின் மாதிரியை நேராக இழுத்துப் பார்த்தாலே ஓரளவு விஷயம் தெரிந்துவிடும். பாய்மரப் படகோ சாய்ந்தபடியும், காற்றுக்குக் கொஞ்சம் பக்கவாட்டில் நழுவியபடியும் ஓடும். அதனால் மாதிரியையும் சாய்த்து, திருப்பி வைத்து இழுத்து, நீரின் தடையோடு பக்கவாட்டு விசையையும் அளக்க வேண்டும். சரி, பாய் தரும் விசைக்கு எங்கே போவது? கிம்கிராக் என்ற நிஜப் படகைக் கடலில் ஓட்டி, வேகத்தையும் சாய்வையும் குறித்து, தொட்டி அளவுகளோடு சேர்த்துக் கணக்கிட்டுப் பிடித்தார்கள். அதன் பிறகு, கட்டாத படகு எவ்வளவு வேகம் போகும் என்று முன்கூட்டியே ஓரளவு சொல்ல முடிந்தது.

1937-இல் அமெரிக்கா கோப்பை என்ற பாய்மரப் படகுப் பந்தயத்தை வென்ற ரேஞ்சர் படகுக்கு, ஸ்டார்லிங் பர்ஜெஸ் என்ற இன்னொரு வடிவமைப்பாளரும் ஸ்டீபன்ஸும் தனித்தனியே வரைந்தவற்றிலிருந்து மாதிரிகள் செய்து தொட்டியில் ஓட்டினார்கள். தேறியது பர்ஜெஸுடையது. பல ஆண்டுகள் கழித்து ஸ்டீபன்ஸே அதை வெளியே சொன்னார். எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது அதனால்தான்.

இன்றைய வேலை அவ்வளவு அழகாக இருக்காது. என் நேரத்தில் பாதியை எடைப் பட்டியலே தின்றுவிடும்: பாய்மரம், தண்ணீர்த் தொட்டி, நங்கூரச் சங்கிலி என ஒவ்வொன்றுக்கும் எடை எவ்வளவு, எந்த உயரத்தில் இருக்கிறது என்று எழுத வேண்டும். சங்கிலியை முன்முனையில் மேலே வைத்தால் ஈர்ப்பு மையம் ஏறும், சாய்ந்தபின் நிமிரும் திறன் குறையும். சிறு படகுகளுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 12217-இன் நிலைத்தன்மைக் கணக்கும் இந்தப் பட்டியலை வைத்துத்தான் போடுவோம்.

ஆகவே முதலில் ஒரு சின்னப் படகின் வரைபடத்தை எடுத்து, பத்து டிகிரிக்கு ஒருமுறை சாய்த்து, நிமிர்த்தும் நெம்புநீளத்தை (எடை கீழே இழுக்கும் கோட்டுக்கும் நீர் மேலே தள்ளும் கோட்டுக்கும் இடையிலான கிடைத் தூரம்) கையால் கணக்கிடுங்கள். அதில் சலிப்பு வரவில்லை என்றால் கல்லூரியைப் பற்றி யோசிக்கலாம்.