கோப்பைக்குப் பின் ஒரு கோடை: பிலடெல்பியா ஈகிள்ஸ் கேள்வி பதில்

2025 பிப்ரவரி 9 அன்று நியூ ஆர்லியன்ஸில் கன்சாஸ் சிட்டி சீஃப்ஸை 40-22 என்று வீழ்த்தி, அமெரிக்கக் கால்பந்து அணியான ஈகிள்ஸ் இரண்டாவது முறையாக, லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலின் கோப்பையைத் தூக்கியது. இதை எழுதும்போது 2025 ஜூன் தொடங்கியிருக்கிறது. அடுத்த சீசன் ஆட்டத்துக்குச் செப்டம்பர் வரை பொறுத்திருக்க வேண்டும். இடைப்பட்ட காலத்தில் யார் வந்தார், யார் போனார், பணம் எங்கே போகிறது என்று பலரும் கேட்டிருந்தீர்கள். நான் இந்த அணியின் ரசிகன்; நடுநிலையை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் கணக்கில் பொய் சொல்ல மாட்டேன்.

கேள்வி: சீஃப்ஸை நசுக்கிய தடுப்பு வரிசையைக் கோப்பையின் பளபளப்பு மங்குவதற்குள் கலைத்துவிட்டார்களே, இது என்ன நியாயம்?

உங்கள் ஆதங்கம் எனக்கும் இருந்தது. போனவர்களின் பட்டியலைப் பார்த்தால் வயிறு எரியத்தான் செய்யும். சூப்பர் பவுலில் மட்டும் இரண்டரை சாக் (பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கை எறிவதற்குள் வீழ்த்துவது) எடுத்த ஜாஷ் ஸ்வெட், 4 ஆண்டுகளுக்கு 76.4 மில்லியன் டாலருக்கு அரிசோனா போனார். இரண்டு சாக் எடுத்த மில்டன் வில்லியம்ஸ், 4 ஆண்டுகளுக்கு 104 மில்லியனுக்கு நியூ இங்கிலாந்து போனார். டேரியஸ் ஸ்லே விடுவிக்கப்பட்டு பிட்ஸ்பர்க்கில் சேர்ந்தார். சீசனில் ஆறு பந்துகளை இடைமறித்த சி.ஜே. கார்ட்னர்-ஜான்சனை ஹியூஸ்டனுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

வில்லியம்ஸின் அந்த நான்காம் கால்பகுதி ஆட்டம் நினைவிருக்கிறதா? 37-6 என்று ஈகிள்ஸ் முன்னணியில் இருக்கிறது. சீஃப்ஸின் குவார்ட்டர்பேக் மஹோம்ஸ் எறியக் கையைத் தூக்குகிறார். வில்லியம்ஸ் வந்து பந்தைத் தட்டிவிட்டு, யாருக்கும் இடம் கொடுக்காமல் தானே அதன் மேல் விழுந்து எடுத்துக்கொள்கிறார். அந்தச் சில நொடிகளே அவருடைய சம்பளத்தைப் பல மில்லியன் உயர்த்தியிருக்கும். அவர் போனதில் தப்பே இல்லை.

ஆனால் ஹோவி ரோஸ்மன் என்ற பொது மேலாளரின் கணக்கைப் பாருங்கள். தாக்குதல் வரிசையில்தான் அவர் பணத்தைக் கொட்டுகிறார்: 2023இல் குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸுக்கு 5 ஆண்டுகளுக்கு 255 மில்லியன், பிறகு பந்தைப் பிடிக்கும் ஏ.ஜே. பிரவுன், டெவாண்டா ஸ்மித், முன்வரிசையின் மைலாட்டா. இந்த வசந்தத்தில் முன்வரிசை நடுவில் நிற்கும் சென்டர் கேம் ஜர்கன்ஸுக்கு 68 மில்லியன். தடுப்பு வரிசையை, டிராஃப்டில் (கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுப்பது) எடுத்த இளைஞர்களைக் கொண்டு நிரப்புகிறார். ஜேலன் கார்ட்டர், ஜோர்டன் டேவிஸ், நோலன் ஸ்மித், குவின்யன் மிட்செல், கூப்பர் டிஜீன் எல்லோரும் இன்னும் முதல் ஒப்பந்தத்தில்தான் விளையாடுகிறார்கள். அதுவும் கார்ட்டருக்கு இந்தச் சீசன் முடிந்ததும் புதிய ஒப்பந்தம் பேசலாம். அப்போது அவர் கேட்கப்போகும் தொகையை நினைத்தால், வில்லியம்ஸுக்கு ஆண்டுக்கு 26 மில்லியன் கொடுக்காததன் காரணம் புரியும். நான் ரோஸ்மன் பக்கம்தான். ஸ்வெட்டை மட்டும் இன்னும் ஓராண்டு வைத்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

கேள்வி: எல்லோருக்கும் சம்பள உச்சவரம்பு ஒன்றுதானே? இவர்களால் மட்டும் எப்படி இத்தனை பேருக்குக் கொடுக்க முடிகிறது?

2025க்கு ஓர் அணியின் மொத்தச் சம்பள உச்சவரம்பு 279.2 மில்லியன் டாலர், 32 அணிகளுக்கும் அதேதான். சூட்சுமம் ஒப்பந்தத்தின் அமைப்பில் இருக்கிறது. கையெழுத்திடும்போது கொடுக்கும் போனஸ் தொகையை வீரர் உடனே பையில் போட்டுக்கொள்வார். ஆனால் உச்சவரம்புக் கணக்கில் அதை அதிகபட்சம் ஐந்து ஆண்டுகளுக்குச் சமமாகப் பிரித்து எழுதலாம். இரண்டாண்டு ஒப்பந்தத்துக்கும் ஐந்தாண்டு வேண்டுமென்றால், பெயருக்கு மூன்று வெற்று ஆண்டுகளைச் சேர்த்துக்கொள்வார்கள்.

ஒரு கற்பனைக் கணக்கு: 40 மில்லியன் போனஸ் என்றால் ஆண்டுக்கு 8 மில்லியன்தான் கணக்கில் ஏறும். இரண்டு ஆண்டுகள் ஆடிவிட்டு வீரர் போய்விட்டால், மிச்சம் 24 மில்லியன் மொத்தமாக வந்து தலையில் விழும். இதைத்தான் டெட் மணி என்கிறார்கள். ஏலச்சீட்டை முதல் மாதமே எடுத்தவர் கடைசி மாதம் வரை கட்டித்தானே ஆக வேண்டும்? அதேதான்.

ஆனால் ரோஸ்மனுக்குச் சாதகமாக ஒன்று நடக்கிறது. உச்சவரம்பு 2023இல் 224.8, 2024இல் 255.4, இந்த ஆண்டு 279.2 மில்லியன். வரம்பு இப்படி ஏறும்வரை, நாளைக்குத் தள்ளிய சுமை நாளைய வரவில் சிறியதாகத் தெரியும். இதைக் குறுக்குவழி என்று திட்டுபவர்கள் உண்டு. விதி எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. துணிந்து கைக்காசை முன்கூட்டியே கொடுக்கும் உரிமையாளர் வேண்டும். ஜெஃப்ரி லூரி கொடுக்கிறார்.

கேள்வி: பிரைஸ் ஹஃபை விற்க ஜூன் வரை ஏன் காத்திருந்தார்கள்?

மேலே சொன்ன டெட் மணிக்காகத்தான். ஜூன் 1க்குப் பிறகு ஒருவரை அனுப்பினால் அந்தச் சுமையை இரண்டு ஆண்டுகளில் பிரித்து ஏற்றலாம். தடுப்பு வீரர் ஹஃப் 2024இல் 51 மில்லியன் ஒப்பந்தத்தில் வந்து இரண்டரை சாக் மட்டுமே எடுத்தார். உடல்நலத்தோடு இருந்தும் சூப்பர் பவுல் அன்று அவரை உடையணியச் சொல்லவில்லை. இப்போது சான் பிரான்சிஸ்கோவுக்குப் போய்விட்டார். பதிலுக்கு 2026 டிராஃப்டில் ஐந்தாம் சுற்று வாய்ப்பு, அவர் நன்றாக ஆடினால் நான்காம் சுற்றாகும். ரோஸ்மனின் பிழைகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்று புலம்புகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

கேள்வி: போனவர்களுக்கு ஈடாக அணிக்கு ஏதாவது கிடைக்குமா?

கிடைக்கும். ஒப்பந்தம் முடிந்து வெளியேறியவர்கள், உள்ளே வந்தவர்களைவிட அதிகமாக இருந்தால், லீக் அடுத்த டிராஃப்டில் மூன்று முதல் ஏழாம் சுற்றுக்குள் கூடுதல் வாய்ப்புகள் தரும். ஓர் அணிக்கு அதிகபட்சம் நான்கு. வில்லியம்ஸுக்காக மூன்றாம் சுற்றில் ஒன்று வரும் என்பதே எல்லோருடைய எதிர்பார்ப்பு. ஸ்லே போல அணியே விடுவித்தவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். இப்போது தெரிகிறதா, மார்ச் மாதத்தில் ரோஸ்மன் ஏன் பெரிய பெயர்களின் பக்கம் போகாமல், ஜாஷ் உச்சே, அஸீஸ் ஒஜுலாரி, ஏ.ஜே. தில்லன் என்று மலிவான ஓராண்டு ஒப்பந்தங்களோடு நிறுத்திக்கொண்டார் என்று?

கேள்வி: அண்ணா, உங்களுக்கு உண்மையாகவே பயம் தருவது எது?

கெவின் பட்டுல்லோ, எங்கள் புதிய தாக்குதல் ஒருங்கிணைப்பாளர். மனிதரைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. பயம் எல்லாம் வரலாற்றிலிருந்து வருகிறது.

2022 சீசனில் ஈகிள்ஸ் சூப்பர் பவுல் வரை போய்த் தோற்றது. உடனே தாக்குதல் ஒருங்கிணைப்பாளர் ஷேன் ஸ்டைக்கன் இண்டியானாபொலிஸ் தலைமைப் பயிற்சியாளராகப் போனார். அந்த இடத்துக்கு வெளியிலிருந்து ஆள் தேடாமல், உள்ளே இருந்த பிரையன் ஜான்சனை உயர்த்தினார்கள். 2023இல் 10 வெற்றி, 1 தோல்வி என்று தொடங்கிய அணி, கடைசியில் 11-6 என்று சரிந்தது. சீசனுக்குப் பிந்தைய வெளியேற்றப் போட்டியான பிளேஆஃபின் முதல் சுற்றிலேயே டாம்பா பேயிடம் 32-9 என்று உதை வாங்கியது. அந்தக் கடைசி வாரங்களில் எதிரணி கூடுதல் ஆட்களை ஏவித் தாக்கினால் ஹர்ட்ஸிடம் பதிலே இல்லை. ஒரே உத்திகளைத் திரும்பத் திரும்ப ஆடினார்கள்.

இப்போது என்ன நடந்திருக்கிறது? கோப்பை வென்ற கையோடு எங்கள் தாக்குதல் ஒருங்கிணைப்பாளர் கெலன் மூர் நியூ ஆர்லியன்ஸ் அணியின் தலைமைப் பயிற்சியாளராகிவிட்டார். மறுபடியும் உள்ளே இருந்தே ஓர் உயர்வு. பட்டுல்லோ, இண்டியானாபொலிஸ் காலத்திலிருந்தே எங்கள் தலைமைப் பயிற்சியாளர் நிக் சிரியானியோடு இருப்பவர். 2021 முதல் பிலடெல்பியாவில் பாஸிங் ஆட்டத்தைக் கவனித்தவர். ஒவ்வொரு முறையும் எந்த உத்தியை ஆடுவது என்று முடிவெடுக்கும் பொறுப்பு இப்போதுதான் அவர் கைக்கு வருகிறது. ஹர்ட்ஸுக்கு ஐந்து ஆண்டுகளில் எத்தனை குரல்கள் காதில் கேட்டுவிட்டன என்று எண்ணிப் பாருங்கள்.

தடுப்பு ஒருங்கிணைப்பாளராக விக் ஃபாஞ்சியோ இருக்கும்வரை எனக்குத் தூக்கம் வரும். சூப்பர் பவுல் முழுவதும் ஒருமுறைகூட கூடுதல் ஆளை ஏவாமல், நான்கு பேரைக் கொண்டே மஹோம்ஸை ஆறு முறை வீழ்த்திய மூளை அது. வீரர்கள் போனதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். நான் அதிகம் இழந்ததாகக் கருதுவது மூரைத்தான்.

கேள்வி: டிராஃப்டில் எடுத்தவர்களில் யாரைக் கவனிக்க வேண்டும்?

சாம்பியன் என்பதால் தேர்வு வரிசையில் கடைசி, 32ஆவது இடம். ஜிஹாட் கேம்பெல் இன்னும் இருப்பதைப் பார்த்ததும் ஓர் இடம் முன்னே போய் 31இல் எடுத்தார் ரோஸ்மன். அந்த இடத்தை விற்றது யார் தெரியுமா? சீஃப்ஸ். சூப்பர் பவுலில் வாங்கியது போதாதென்று ஏப்ரலிலும் வந்து உதவினார்கள்.

கேம்பெல் அலபாமா பல்கலைக்கழகத்தின் லைன்பேக்கர், அதாவது தடுப்பில் முன்வரிசைக்குப் பின்னால் நிற்பவர். ஊர் தெற்கு நியூ ஜெர்சி, அதாவது ஈகிள்ஸ் ரசிகர்களின் கோட்டை. தோள்பட்டை அறுவை சிகிச்சை செய்துகொண்டதால்தான் இவ்வளவு கீழே இறங்கினார். அதே இடத்தில் ஆடும் நகோபி டீன் ஜனவரியில் முழங்கால் தசைநார் கிழிந்து படுத்திருப்பதால், உடல் தேறியதும் இவருக்கு வேலை காத்திருக்கிறது. பக்கத்தில் ஆடப்போகும் ஜாக் பானும் சாதாரணக் கதை இல்லை: 2024இல் 3.5 மில்லியனுக்கு ஓராண்டு ஒப்பந்தத்தில் யாரும் கவனிக்காமல் வந்தவர், லீக்கின் சிறந்த வீரர்கள் பட்டியலான ஆல் புரோவில் இடம்பிடித்து, இப்போது 3 ஆண்டுகளுக்கு 51 மில்லியன் வாங்கியிருக்கிறார்.

இரண்டாம் சுற்றில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ முகுபா, ஜிம்பாப்வேயில் பிறந்தவர். கார்ட்னர்-ஜான்சன் விட்டுப்போன சேஃப்டி (தடுப்பின் கடைசி வரிசை) இடத்துக்குச் சிட்னி பிரவுனோடு மோதுவார். மற்ற எட்டுப் பேரைப் பற்றி இப்போதே பேசுவது வீண்.

கேள்வி: டுஷ் புஷ்ஷைத் தடைசெய்யப் பார்த்தார்களாமே?

பார்த்தார்கள், முடியவில்லை. குவார்ட்டர்பேக் பந்தைக் கையில் வாங்கியதும் முன்வரிசை தரையோடு தரையாகக் குனிந்து முட்ட, பின்னாலிருந்து இரண்டு பேர் அவரைத் தள்ளி ஓரிரு கெஜம் முன்னேற்றும் ஆட்டம் இது. மற்ற அணிகளும் முயன்று பார்க்கின்றன. ஆனால் ஹர்ட்ஸின் கால் வலுவும், ஜர்கன்ஸ் முதல் மைலாட்டா வரையிலான மலைகளும் அவர்களிடம் இல்லை.

தடை கோரித் தீர்மானம் கொண்டுவந்தது கிரீன் பே பேக்கர்ஸ். நிறைவேற 32 அணிகளில் 24 வாக்குகள் வேண்டும். மே மாதம் மினசோட்டா கூட்டத்தில் லூரி வாதாடினார். ஓய்வுபெற்ற எங்கள் பழைய சென்டர் ஜேசன் கெல்சியையும் அழைத்துப் போயிருந்தார். முடிவு: ஆதரவு 22, எதிர்ப்பு 10. தடை விழவில்லை. ஜனவரி பிளேஆஃபில் ஈகிள்ஸ் பேக்கர்ஸை வென்ற ஸ்கோர் என்ன? 22-10. நானே எழுதியிருந்தால் நம்பியிருக்க மாட்டீர்கள்.

பாதுகாப்பு இல்லை என்று சொன்னவர்கள் உண்டு. அது நியாயமான கவலைதான் என்றாலும், காயக் கணக்கைக் காட்டி யாரும் நிரூபிக்கவில்லை. தடுக்க முடியாததைத் தடைசெய்யச் சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை. அடுத்த ஆண்டு மறுபடி கொண்டுவரலாம்.

கேள்வி: சாக்வான் பார்க்லி அதே வேகத்தில் ஓடுவாரா?

மாட்டார். ஒருவராலும் முடிந்ததில்லை. அவருக்கு முன் ஒரே சீசனில் பந்தோடு 2,000 கெஜம் ஓடியவர்கள் எட்டுப் பேர். ஒருவரும் மறு ஆண்டு அதைத் தொடவில்லை. டெரல் டேவிஸ் மறு ஆண்டு நான்கே ஆட்டங்களில் முழங்காலோடு போனார். டெரிக் ஹென்றி எட்டு ஆட்டங்களில் பாதத்தை உடைத்துக்கொண்டார். பார்க்லி பிளேஆஃபையும் சேர்த்து 436 முறை பந்தைச் சுமந்திருக்கிறார். சூப்பர் பவுல் அன்றுதான் 28 வயது முடிந்தது.

அப்படியிருந்தும் மார்ச்சில் கொடுத்த 2 ஆண்டு, 41.2 மில்லியன் நீட்டிப்பை நான் குறை சொல்ல மாட்டேன். 1,300 கெஜம் ஓடினாலே போதும். அவரைக் கண்டு எதிரணி முன்னே நெருங்கி நின்றால், அவர்களுக்குப் பின்னால் ஏ.ஜே. பிரவுனுக்கு இடம் திறக்கும்.

கேள்வி: பிராண்டன் கிரஹாம் ஓய்வு பற்றி ஒரு வரி?

2018 பிப்ரவரியில் டாம் பிரேடியின் கையிலிருந்து பந்தைத் தட்டிவிட்டவர், இந்தப் பிப்ரவரியில் கிழிந்த கைத்தசை முழுதாக ஆறுவதற்கு முன்பே திரும்பி வந்து ஆடி, மார்ச்சில் அழுதுகொண்டே விடைபெற்றார். ஒரே அணியில் 15 சீசன்.

கேள்வி: பிரிவிலுள்ள எதிரிகள்?

வாஷிங்டன்தான் ஆபத்து. குவார்ட்டர்பேக் ஜேடன் டேனியல்ஸுக்கு லாரமி டன்சில், டீபோ சாமுவேல் இருவரையும் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். ஜனவரியில் 55-23 என்று வாங்கியதை மறந்திருக்க மாட்டார்கள். டல்லாஸ் ஜார்ஜ் பிக்கன்ஸை வாங்கியிருக்கிறது. எறிய ஆள் உண்டு, பிடிக்க ஆள் உண்டு, ஜனவரி மட்டும் அவர்களுக்கு எப்போதும் ஒத்துவராது. ஜயண்ட்ஸ் அப்துல் கார்ட்டரை எடுத்ததில் மட்டும் எனக்குப் பொறாமை, பையன் பிலடெல்பியாக்காரன்.

கேள்வி: சென்னையிலிருந்து பார்க்கிறேன். முதல் ஆட்டம் எப்போது?

செப்டம்பர் 4 வியாழன் இரவு, சொந்த மைதானத்தில், டல்லாஸுக்கு எதிராக. உங்களுக்கு வெள்ளி அதிகாலை 5.50. பார்த்துவிட்டு அலுவலகம் போய்விடலாம். அடுத்தது கன்சாஸ் சிட்டியில். அது உங்களுக்குத் திங்கள் அதிகாலை 1.55. அன்றைக்கு விடுப்பு சொல்லிவிடுங்கள்.

கேள்வி: முன்வரிசையில் பெக்டன் இடத்துக்கு யார்?

மெக்காய் பெக்டன் சார்ஜர்ஸுக்குப் போய்விட்டார். சென்டருக்கு வலப்பக்கம் நிற்கும் வலது கார்டு இடத்துக்கு டைலர் ஸ்டீனும், கார்ட்னர்-ஜான்சனுக்கு ஈடாக ஹியூஸ்டனிலிருந்து வந்த கென்யன் கிரீனும் போட்டி. கிரீன் 2022இல் முதல் சுற்றில் 15ஆவதாக எடுக்கப்பட்டவர், அங்கே சோபிக்கவில்லை. ஆனால் பயிற்சியாளர் ஜெஃப் ஸ்டவுட்லாண்ட், அமெரிக்கக் கால்பந்தே ஆடியிராத ஆஸ்திரேலிய ரக்பிக்காரர் மைலாட்டாவை இடது டாக்கிளாக்கியவர். பெக்டனையும் ஜெட்ஸ் கைவிட்ட பிறகு இங்கேதான் நிமிர்த்தினார்கள். என் பந்தயம் ஸ்டீன் மேல். ஆகஸ்டு பயிற்சி ஆட்டங்களில் 56 என்ற எண்ணைப் பாருங்கள். பந்து போகும் திசையை விட்டுவிட்டு அவருடைய கால் நகர்வதை மட்டும் கவனித்தால், அவர் தயாரா இல்லையா என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.