பத்திரத்தை வைக்காதீர்கள், அண்ணாச்சி

போன சனிக்கிழமை நீங்களும் மதினியும் சேரன்மகாதேவியிலிருந்து வந்திருந்தபோது, "கவலைப்படாதீங்க, பார்த்துக்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அப்புறம் மனசு கேட்கவில்லை. அன்றே சொல்லியிருக்க வேண்டியதை இப்போது சொல்கிறேன்.

உங்கள் மகனை நிர்வாக ஒதுக்கீட்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்க்க வாழைத்தோட்டத்துப் பத்திரத்தை அடமானம் வைக்காதீர்கள். இன்ஜினியர் என்றால்தான் நாளைக்குப் பெண் கொடுப்பார்கள் என்கிறார் உங்கள் மைத்துனர். வட்டி கட்டப்போவது நீங்கள். நாலு வருஷம் படிக்கப்போவது தம்பி. அவனுக்கு அதில் துளியும் ஆசை இல்லை.

நாம் பேசிய ஒரு மணி நேரமும் அவன் வாய் திறக்கவில்லை. தோட்டத்து மோட்டார் எரிந்த பேச்சு வந்ததும் நிமிர்ந்தான். மோட்டாருக்குக் காயில், அதாவது கம்பிச் சுருள், கட்டும் கடையில் இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தானாம். எரிந்த கம்பியைப் பிரிக்கும்போதே ஒரு காயிலுக்கு எத்தனை சுற்று, கம்பி இறங்கும் பள்ளத்தில் எந்த ஸ்லாட்டிலிருந்து எந்த ஸ்லாட்டுக்குப் போகிறது, கம்பி என்ன கேஜ் கனம் என்று மெக்கானிக் குறித்துக்கொண்டதை வரிசை மாறாமல் சொன்னான்.

கைதேர்ந்த மெக்கானிக், கருகிய விதத்தைப் பார்த்தே காரணம் சொல்லிவிடுவார். சுற்றிலும் ஒரே சீராகக் கறுத்திருந்தால் பெரும்பாலும் லோடு அதிகம். மும்முனை மின்சாரத்தின் மூன்று பேஸ் காயில்களும் ஒரு முனையில் சேரும் ஸ்டார் கனெக்‌ஷனில் இரண்டு பேஸ் கருகி மூன்றாவது புதிதுபோல இருந்தால், ஒரு பேஸ் வராமலே மோட்டார் ஓடியிருக்கிறது. காயிலை மட்டும் மாற்றிக் கொடுத்தால் மறுபடியும் எரியும். ஃபியூசையும் ஸ்டார்ட்டரையும் பார்க்கச் சொல்லி அனுப்ப வேண்டும். ஸ்லாட்டில் காகிதம் மடித்து வைப்பது, மேல்பூச்சான எனாமல் உரியாமல் கம்பியை இறக்குவது, வார்னிஷ் ஊற்றிக் காயவைப்பது, மெக்கர் மீட்டர் வைத்து மின்கசிவு பார்ப்பது என்று வேலை நீளும். தண்ணீர் நிரப்பிய சப்மெர்சிபிளுக்குப் பிளாஸ்டிக் உறை போட்ட கம்பி. அதற்கு வார்னிஷ் கிடையாது. இதையெல்லாம் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, கை வலிக்க வலிக்கத்தான் பழக முடியும்.

சான்றிதழும் வேண்டும், அதை விடச் சொல்லவில்லை. திருநெல்வேலி பேட்டை அரசு ஐடிஐயில் எலெக்ட்ரீஷியன் பிரிவுக்கு விண்ணப்பம் போடுங்கள். இரண்டு வருஷம், பயிற்சிக் கட்டணம் இல்லை. முடித்ததும் ஒரு வருஷம் அப்ரண்டிஸ் போகலாம்; 1961 அப்ரண்டிஸ் சட்டப்படி அதற்கு உதவித்தொகை கொடுத்தே ஆகவேண்டும். பின்னால் படிக்க ஆசை வந்தால் டிப்ளமோவில் நேரே இரண்டாம் வருஷம் சேர வழி இருக்கிறது.

சாயங்காலம் அந்தக் காயில் கடைக்கு அனுப்புங்கள். டீ வாங்கவும் கடை கூட்டவும் மட்டும் வைத்துக்கொள்ளக் கூடாது, இத்தனை மாதத்தில் காயில் இறக்க விடவேண்டும் என்று முதல் நாளே பேசிவிடுங்கள். பதினெட்டு முடியாமல் கரண்ட் ஓடும் மோட்டாரில் கை வைக்கவே கூடாது. இதில் என்னால் விட்டுக்கொடுக்கவே முடியாது.

வருகிற சனிக்கிழமை தம்பியின் மார்க் ஷீட்டும் டி.சி.யும் எடுத்துக்கொண்டு வாருங்கள். மைத்துனரையும் கூட்டி வாருங்கள், நானே அவரிடம் பேசுகிறேன். பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.