தோட்டத்து இளையோர் ஆய்வு: வினாக்கொத்தையும் நேர்காணலையும் இணைப்பது எப்படி?

கேள்வி: ஹட்டனுக்கு அருகே ஒரு தோட்டத்தில் 18–24 வயதினரின் தூக்கம், வெற்றிலைப் பழக்கம், மனநலன் பற்றி இறுதியாண்டு ஆய்வு செய்கிறேன். அந்த வயதில் சுமார் 600 பேர். வினாக்கொத்து, நேர்காணல் இரண்டும் வேண்டும் என்கிறார் மேற்பார்வையாளர். எத்தனை பேரிடம், எப்படி?

பதில்: வினாக்கொத்து முதலில், நேர்காணல் பிறகு. இந்த வகை ஆய்வு பெரும்பாலும் கெடுவது ஒரே இடத்தில்தான்: படிவத்தில் பெயரும் இல்லை, இலக்கமும் இல்லை. பிறகு யாரைத் தேடிப்போய்க் கதைப்பது? ஒவ்வொரு படிவத்துக்கும் ஓர் இலக்கம் போடுங்கள். பெயரும் தொலைபேசி எண்ணும் தனிக் கொப்பியில், பூட்டிய லாச்சியில் இருக்கட்டும். திரும்ப வருவீர்கள் என்பதைச் சம்மதப் படிவத்திலேயே எழுதி, ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி பெற்ற பிறகே தோட்டத்துக்குப் போங்கள்.

95 சதவீத நம்பிக்கை, 5 சதவீத வழு என்றால் பெரிய மக்கள்தொகைக்கு வழமையாகத் தேவைப்படும் 384 பேர், 600 பேருள்ள இடத்தில் 235 ஆகக் குறையும். பத்தில் ஒருவர் மறுப்பார் என்று வைத்து 262 பேரை, எல்லா டிவிஷன்களின் பெயர்ப் பட்டியலிலிருந்தும் குலுக்கி எடுங்கள். கொழும்பில் கடை வேலைக்குப் போனவர்களும் பட்டியலில் இருக்க வேண்டும். தீபாவளிக்கு வரும்போது கேட்கலாம் என்று தோன்றும், வேண்டாம். மனநலனை அளக்க நீங்கள் பயன்படுத்தக்கூடிய, உலக சுகாதார அமைப்பின் 5 வினா நல்வாழ்வுச் சுட்டி கடந்த 2 வாரங்களைத்தான் கேட்கிறது. பண்டிகைக் காலத்தில் புள்ளி ஏறத்தான் பார்க்கும். அவர்களிடம் சாதாரண வாரமொன்றில் தொலைபேசியில் கேளுங்கள். வினாவுக்கு 0 முதல் 5 வரை. கூட்டி 4 ஆல் பெருக்கினால் 100க்கு வரும். 50க்குக் கீழே என்றால் மனச்சோர்வு என்று எழுதிவிடாதீர்கள், மேலும் விசாரிக்க வேண்டும் என்பது மட்டுமே. தேசிய மனநல உதவி இலக்கம் 1926ஐ எல்லோருக்கும் கொடுங்கள்.

"எத்தனை மணித்தியாலம் தூங்குவீர்கள்?" என்றால் எட்டு என்பார்கள். நேற்றுப் படுத்த நேரத்தையும் எழும்பிய நேரத்தையும் கேளுங்கள். வெற்றிலையும் அப்படித்தான்: நேற்று எத்தனை வாய், புகையிலை சேர்த்ததா, பாக்கு மட்டுமா? பாக்கு தனியாகவே புற்றுநோய்க் காரணி என்பதால் இதைப் பிரித்துக் கேட்கவேண்டும். படிவத்தைக் கணக்கப்பிள்ளை (வேலையை மேற்பார்க்கும் தோட்ட ஊழியர்) கையில் கொடுத்தனுப்பினால் "போடுவதில்லை" என்றுதான் திரும்பி வரும்.

நேர்காணலுக்கு 16 பேர் போதும்: புள்ளி குறைந்தவர்களில் ஆண் 4, பெண் 4, கூடியவர்களிலும் அப்படியே. லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) இஸ்தோப்பில், அதாவது திண்ணையில், உட்கார வேண்டாம், அடுத்த காம்பராவுக்கு (அறைக்கு) கேட்கும். பிள்ளை மடுவம் (தோட்டக் குழந்தைகள் காப்பகம்) மூடிய பிறகு அங்கே கதைக்கலாம்.

கடைசியில் ஓர் அட்டவணை: இலக்கம், புள்ளி, அவர் சொன்னது, இரண்டும் ஒத்துப்போகிறதா. ஒத்துப்போகாத வரியை அழிக்காதீர்கள். 8 மணித்தியாலம் தூங்கியும் 32 புள்ளி எடுத்தவர், ஒரே காம்பராவில் ஆறு பேர் படுப்பதைச் சொல்கிறார் என்று வையுங்கள். தூங்கிய நேரத்தை மட்டும் கேட்டது போதவில்லை என்று அந்த வரிக்கு நேரே எழுதி, மற்றப் படிவங்களில் வீட்டு ஆள் எண்ணிக்கையோடு புள்ளியை ஒப்பிட்டுப் பாருங்கள். அதற்கு அந்த எண்ணிக்கையை வினாக்கொத்திலேயே இப்போதே சேர்த்துவிடுங்கள்.